33 காலி மூட்டை: கூரை போடும் நாளுக்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

கையில் இருக்கும் பணம் குறைவு, சின்னதாக ஒரு வீடு போதும், தெரிந்த ஆள் ஒருவரிடம் மொத்தமாக ஒப்படைத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். எங்களுடையது 20-க்கு 25, ஆக 500 சதுர அடி. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை, குளியலறை. 11 வருடச் சேமிப்பும் என் நகையும் ஒரு கடனும் அதில் இருக்கின்றன. குடிபோய் இரண்டாவது மழைக்காலத்திலேயே படுக்கையறைக் கூரை பெயர்ந்து கம்பி வெளியே தெரிந்தது.

கட்டியவரின் பெயரை எழுதப் போவதில்லை. அவர் செய்ததை மட்டும் சொல்கிறேன். சின்ன வீடு கட்டுகிறவர்களிடம் இதே முறையில்தான் திரும்பத் திரும்பக் கைவைக்கிறார்கள் என்று பிறகு பேசிய எல்லோரும் சொன்னார்கள்.

அவர் என் கணவர் வழியில் சொந்தம். "நம்ம வீடு மாதிரி நின்னு கட்டித் தர்றேன் அக்கா, நீங்க சாவி வாங்க வந்தா போதும்" என்றார். மூன்று பேரிடம் விலை கேட்டிருந்தோம், சதுர அடிக்கு அவர் சொன்னதுதான் குறைவு. மற்ற இருவரும் என்னென்ன சேரும், என்ன சேராது என்று தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். இவர் வாயால்தான் சொன்னார். சொந்தக்காரரிடம் எழுதிக் கேட்டால் தப்பாக நினைத்துக்கொள்வாரே என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

வேலை தொடங்கிய பிறகுதான் 'அது தனி' என்ற வார்த்தையைக் கேட்க ஆரம்பித்தோம். செப்டிக் டேங்க் தனி, தரைக்கு மண் நிரப்புவது தனி, பரண் தனி, கைப்பிடிச் சுவர் தனி, வாசல் படி தனி. சன்ஷேடை முழு அளவாகவும் வெளிப் படிக்கட்டைக் கட்டிடப் பரப்பாகவும் சேர்த்து அளந்தார். 500 சதுர அடி வீட்டுக்கு 590 சதுர அடிக்குக் கணக்கு வந்தது. அதிக விலை சொன்ன மற்ற இருவரும் இதையெல்லாம் சேர்த்துத்தான் சொல்லியிருந்தார்கள். சதுர அடிக்கு இவ்வளவு என்று யாராவது சொன்னால், எந்தச் சதுர அடி, எதை எப்படி அளப்பீர்கள் என்பதை முதலில் எழுதி வாங்குங்கள். சன்ஷேடு, படிக்கட்டு, போர்டிகோ மூன்றுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள்.

பணமும் அப்படித்தான். ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்பணம். "மெட்டீரியல் இறக்கணும் அக்கா, நாளைக்கு விலை ஏறிடும்" என்பார், கொடுப்போம். கூரை போடும்போது மொத்தத் தொகையில் நூற்றுக்கு 75 கொடுத்து முடித்திருந்தோம். கூரை போட்டுவிட்டால் வீடு முடிந்த மாதிரி கண்ணுக்குத் தெரியும். ஆனால் பூச்சு, தரை, கதவு ஜன்னல், மின்சாரம், குழாய், பெயின்ட் எல்லாமே மிச்சம். அது எவ்வளவு பெரிய செலவு என்று அவருக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. மீதி 25 பங்குக்காக அந்த வேலையை எல்லாம் செய்துகொண்டிருக்க அவருக்கு ஒரு காரணமும் இல்லாமல் போய்விட்டது.

இனி கூரை போட்ட நாள். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

காலை 6 மணிக்கே போய்விட்டேன். கான்கிரீட் இறுகும்வரை அடியில் தாங்கும் சென்டரிங் தகட்டின் மேல் கம்பி கட்டி முடித்திருந்தார்கள். கம்பி தகட்டோடு ஒட்டிக் கிடந்தது. கம்பியைத் தகட்டிலிருந்து தூக்கி நிறுத்தும் சின்னக் கட்டைகளை, அதாவது கவர் பிளாக், அடியில் வைக்க வேண்டும் என்று எங்கோ படித்திருந்ததால் கேட்டேன். "கான்கிரீட் போடும்போது பசங்க கம்பியைத் தூக்கிவிட்டு ஜல்லி கொடுத்துக்குவாங்க அக்கா" என்றார். யாரும் தூக்கவில்லை. அதன் மேலேயே நாள் முழுக்க நடந்தார்கள். மிதிபட மிதிபடக் கம்பி இன்னும் கீழேதான் போனது.

கலவை மிஷின் வந்தது, அளவுப் பெட்டி வரவில்லை. ஜல்லியும் மணலும் சாந்துச்சட்டியில் அள்ளி அள்ளிப் போட்டார்கள். எத்தனை சட்டிக்கு ஒரு மூட்டை என்று யாரும் எண்ணியதாகத் தெரியவில்லை. தண்ணீர் குழாய் மிஷினுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. கலவை கஞ்சி மாதிரி ஊற்றியது. "இளகலா இருந்தாத்தான் மூலை முடுக்கெல்லாம் ஓடும்" என்றார்கள். கலவையை அதிரவைத்துக் கெட்டிக்கும் வைப்ரேட்டர் கிடையாது, ஒருவர் கம்பித் துண்டால் குத்திக்கொண்டே போனார். மதியம் இரண்டு மணிக்குள் மட்டப்பலகை இழுத்து முடித்துவிட்டார்கள். நாங்கள் எல்லோருக்கும் சாப்பாடு போட்டு, கை நிறையக் கொடுத்து அனுப்பினோம்.

காலி சிமென்ட் மூட்டைகளை என் மாமியார் எடுத்து வைக்கச் சொன்னார், மண் அள்ளிப் போட உதவும் என்று. உதறி மடித்துக் கட்டும்போது எண்ணினேன். 33. அன்றைய செலவு எழுதிய நோட்டிலேயே ஓரமாக 'கூரை, சிமென்ட் 33' என்று எழுதி வைத்தேன். அந்த எண் என்ன சொல்கிறது என்று அப்போது எனக்குப் படிக்கத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அன்று மதியமே மீதிப் பணத்தை நிறுத்தி, ஒரு பொறியாளரை அழைத்திருப்பேன்.

மறுநாளிலிருந்து பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கினோம். மூன்று நாள் போதும் என்றார் அவர். நானும் கணவரும் 14 நாள் விட்டோம், குடம் குடமாகத் தூக்கி. ஆனால் ஆறாம் நாளே அவர் ஆட்கள் வந்து தகட்டைத் தாங்கி நின்ற முட்டுகளைப் பிரித்தார்கள். வேறொரு வேலைக்குத் தகடு வேண்டுமாம். சாதாரண சிமென்ட்டில், ஒரு தாங்கலிலிருந்து அடுத்த தாங்கலுக்கு (சுவருக்குச் சுவர்) உள்ள தூரம் 4.5 மீட்டருக்குள் இருக்கிற தளத்துக்கு முட்டு குறைந்தது 7 நாள் நிற்க வேண்டும், அதற்கு மேல் போனால் 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். எங்கள் ஹாலில் ஒரு பீம் இருக்கிறது. அதன் முட்டையும் ஆறாம் நாள் எடுத்துக்கொண்டு போனார்கள்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். பூச்சு பாதியில் நின்றது. போன் எடுப்பதைக் குறைத்தார், பிறகு எடுப்பதே இல்லை. வக்கீலிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "ஒப்பந்தம் எங்கே?" இரண்டாவது, "பணம் கொடுத்ததற்கு ரசீது?" பெரும்பகுதி கையில் கொடுத்தது. சொந்தக்காரர்கள் கூடிப் பேசினார்கள், பேசிக் கலைந்தார்கள். மீதி வேலையை இன்னொரு கடன் வாங்கி நாங்களே ஆள் வைத்து முடித்துக் குடிபோனோம்.

இரண்டாவது மழைக்காலம். படுக்கையறைக் கூரையில் பழுப்பாக ஒரு கோடு. மழை நீர் கசிகிறது என்று நினைத்தோம். ஒரு மாதத்தில் அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, பிறகு இன்னொன்று. மூன்றும் நேர்க்கோடு, ஒரே இடைவெளி. பழைய நோட்டுப் புத்தகத்தில் பக்கம் முழுக்கக் கோடு போட்டிருப்பார்களே, அப்படி. ஒரு நாள் ராத்திரி உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டு பெயர்ந்து கட்டிலில் விழுந்தது. குழந்தை அன்றைக்குப் பாட்டியோடு ஹாலில் படுத்திருந்தாள். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

அதன் பிறகுதான், காண்ட்ராக்டருக்குச் சம்பந்தமில்லாத ஒரு பொறியாளரைப் பணம் கொடுத்துக் கூட்டி வந்தோம். சுத்தியலால் கூரையை மெதுவாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் கணீர் என்று கேட்டது. கோடு விழுந்த இடங்களில் காலிப் பெட்டியைத் தட்டுவது போல வெற்றுச் சத்தம். பெயர்ந்த இடத்தில் விரல் வைத்துக் காட்டினார். கம்பிக்கு அடியில் இருந்த கான்கிரீட் நகத்தின் கனம்தான். தளத்தில் கம்பிக்குக் கீழே 20 மி.மீ. கான்கிரீட் மூடி இருக்க வேண்டும். அது இல்லாததால் ஈரமும் காற்றும் நேராகக் கம்பிக்குப் போய்விட்டன. துருப்பிடித்த இரும்பு பல மடங்கு உப்பும், உப்பும்போது அடியில் இருப்பதைத் தள்ளிப் பெயர்த்துவிடும். அந்தப் பழுப்புக் கோடு ஒவ்வொன்றும் ஒரு கம்பி.

துருவைச் சுரண்டிவிட்டுக் கம்பியை அளந்தார். 8 மி.மீ. கம்பிக்குக் கம்பி இடைவெளி 8 அங்குலம். வரைபடத்தில் இருந்தது 10 மி.மீ. கம்பி, 6 அங்குல இடைவெளி. 10-க்குப் பதில் 8 என்றால் ரெண்டு மில்லிதானே என்று தோன்றும். கம்பியின் பலம் அதன் குறுக்குப் பரப்பில் இருக்கிறது. அந்தக் கணக்கில் 8 மி.மீ. கம்பி, 10 மி.மீ. கம்பியில் நூற்றுக்கு 64 பங்குதான். இடைவெளியையும் தள்ளிப் போட்டதால், எங்கள் கூரையில் இருக்க வேண்டிய இரும்பில் பாதிகூட இல்லை.

பிறகு, "எத்தனை மூட்டை போட்டாங்கன்னு ஞாபகம் இருக்காம்மா?" என்று கேட்டார். நோட்டை எடுத்து வந்தேன். 33-ஐப் பார்த்ததும் ஒரு தாளில் கணக்குப் போட்டார். 500 சதுர அடி, 5 அங்குலக் கனம், ஆக 208 கன அடி. கன மீட்டரில் 5.9. வரைபடத்தில் கேட்டிருந்தது எம் 20 கலவை: ஒரு பங்கு சிமென்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி. அதற்குக் கன மீட்டருக்குச் சுமார் 8 மூட்டை. பீமை விட்டுவிட்டுத் தளத்துக்கு மட்டுமே 47 மூட்டை போயிருக்க வேண்டும். 4 அங்குலம்தான் போட்டார் என்று வைத்துக்கொண்டாலும் 38 வேண்டும். ஒரு நிமிடம்கூட ஆகாத கணக்கு. ஒன்றரை வருடமாக அந்த எண் என் அலமாரியில் இருந்தது.

கூரை போடப் போகிறவர்கள் இந்தக் கணக்கை இன்றைக்கே உங்கள் அளவுக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். நீளம், அகலம், கனம் மூன்றையும் அடியில் பெருக்கி, வந்ததை 35.3-ஆல் வகுத்தால் கன மீட்டர். அதை 8-ஆல் பெருக்கினால் மூட்டை. முதல் நாளே மூட்டையை எண்ணுங்கள், மாலையில் காலி மூட்டையையும் எண்ணுங்கள். 50 கிலோ மூட்டைக்குத் தண்ணீர் ஏறக்குறைய 25 லிட்டர், மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறையும். வாளியில் அளந்துதான் ஊற்ற வேண்டும், குழாயை மிஷினுக்குள் விடக் கூடாது. மிஞ்சிய தண்ணீர் காய்ந்து போகும் இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளையாக நின்றுவிடும். கலவை இறுகிப் போகிறதே என்று சொன்னால் வைப்ரேட்டர் கொண்டுவரச் சொல்லுங்கள், தண்ணீரைக் கூட்ட விடாதீர்கள்.

கம்பியை எடை போட்டுப் பாருங்கள். விட்டத்தை மி.மீ.யில் எடுத்து அதை அதாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால், ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மீட்டர் முழுக் கம்பி 8 மி.மீ. என்றால் சுமார் 4.7 கிலோ, 10 மி.மீ. 7.4 கிலோ, 12 மி.மீ. 10.7 கிலோ. கம்பி கட்டி முடிந்ததும் ஒவ்வொரு அறையிலும் டேப்பை விரித்து வைத்துப் போட்டோ எடுங்கள், இடைவெளி அதில் படிக்கத் தெரிய வேண்டும். கவர் பிளாக் இல்லாமல் மிஷினை ஓட விடாதீர்கள். ஆள் வந்துவிட்டது, கூலி வீணாகும், மழை வரும் என்று அவசரப்படுத்துவார்கள். அன்றைய கூலி வீணானால் போகட்டும். எங்கள் கூரைப் பழுதுக்கு ஆனதை வைத்துப் பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

பொறியாளரை வீடு முழுக்க நிற்க வைக்க முடியாது, அதற்குப் பணம் இல்லை என்பது எனக்குத் தெரியும். அஸ்திவாரக் குழியில் கான்கிரீட் கொட்டுவதற்கு முன் ஒரு தடவை, கூரைக் கம்பி கட்டிய பிறகு ஒரு தடவை, சுவரில் குழாய்களைப் பூசி மூடுவதற்கு முன் ஒரு தடவை, இந்த மூன்று முறை போதும். மூடிவிட்டால் பிறகு உடைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும். அவர் பார்த்துச் சரி என்ற பிறகு அந்தக் கட்டத்துக்கான பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். முன்பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு வாரச் சாமானுக்கு ஆவது மட்டும். சொந்தக்காரராக இருந்தாலும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எங்கள் விஷயத்தில் எழுதாமல் விட்டதால் சொந்தமும் மிஞ்சவில்லை.

கூரையை இடித்துப் போட எங்களிடம் பணம் இல்லை. பெயர்ந்ததையெல்லாம் கொத்தி எடுத்து, கம்பியில் துருவைத் தேய்த்து நீக்கி, மருந்து பூசி, பழுதுக் கலவை வைத்து மூடியிருக்கிறார்கள். படுக்கையறைக்கு நடுவில் ஓர் இரும்பு பீம் தாங்கி நிற்கிறது. மேலே மாடி எடுக்கும் பேச்சே கூடாது என்று பொறியாளர் சொல்லிவிட்டார். மாடியில் இருந்த 1000 லிட்டர் தண்ணீர்த் தொட்டியையும், நிறைந்தால் ஒரு டன் எடை அது, அன்றைக்கே இறக்கச் சொன்னார். இப்போது அது வீட்டுக்குப் பின்னால், தனியாகக் கட்டிய மேடைமேல் நிற்கிறது. அந்த மேடைக்குக் கான்கிரீட் போட்ட அன்று ஒவ்வொரு மூட்டையையும் நானே எண்ணிப் பிரித்துக் கொடுத்தேன்.