நடிகருக்குப் பரிசு: ஒரு வருஷம் கழித்தும் பையில் மிஞ்சுபவை

சிரிக்கும் முகமும் அழும் முகமும் பொறித்த கோப்பை, கிளாப் பலகை வடிவக் கடிகாரம், விருதுச் சிலை போல ஒரு பொம்மை. நடிகர் என்று தெரிந்ததும் எல்லாரும் வாங்கிவருவது இதுதான். தொழிலில் நாலைந்து வருஷம் இருந்தவர் வீட்டு அலமாரியில் இதெல்லாம் ஏற்கெனவே இரண்டிரண்டாக நிற்கும். வாங்குகிறவர் நடிப்பை மனதில் வைத்து வாங்குகிறார். நடிகரின் நாளோ பெரும்பாலும் காத்திருப்பதிலும், பூசிக்கொள்வதிலும், பூசியதைத் துடைப்பதிலும், வசனம் மனப்பாடம் பண்ணுவதிலும், வீட்டில் தானே ஆடிஷன் வீடியோ எடுத்து அனுப்புவதிலும் போகிறது. அந்த நேரத்துக்குக் கைகொடுக்கிற பொருள் மட்டும்தான் பையை விட்டு இறங்குவதில்லை. நீண்ட நாள் பயன்பாட்டில் எது தேறுகிறது, எது எந்த இடத்தில் காலை வாருகிறது என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம்.

முதலில், யாருக்கும் தோன்றாத ஒன்று: முன்பக்கம் முழுக்கத் திறக்கிற அங்கி. மேக்கப்பும் தலைமுடியும் முடிந்தபிறகு தலை வழியாகக் கழற்றுகிற எந்த உடையும் வம்புதான். காஸ்ட்யூம் மாட்டும் வரை மேலே போர்த்திக்கொள்ள ஒன்று வேண்டும். துண்டுத் துணியில் தைத்த குளியல் அங்கி பார்க்க நன்றாக இருந்தாலும் கனம், நனைந்தால் காயாது, அதன் பஞ்சு ஈர மேக்கப்பிலும் கறுப்பு உடையிலும் ஒட்டும். மெல்லிய பருத்தி, அடர்ந்த நிறம், முழங்காலுக்குக் கீழே வரும் நீளம், போன் முழுசாக உள்ளே போகிற ஆழத்தில் இரண்டு பை. இவ்வளவு இருந்தால் போதும். இடுப்புக் கயிறுதான் முதலில் தொலையும். கொடுப்பதற்கு முன்பே கயிற்றின் நடுப்பகுதியை முதுகுப் பக்கம் அங்கியோடு சேர்த்து நாலு தையல் போட்டுவிடுங்கள், பிறகு அது எங்கும் போகாது. கழுத்துப்பட்டையில் ஃபவுண்டேஷன் கறை கண்டிப்பாகப் படியும். அது எண்ணெய்ப் பிசுக்கு என்பதால் துவைக்குமுன் பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டு தேய்த்துப் பத்து நிமிஷம் விட்டால் போய்விடும்.

அங்கியோடு உள்ளங்கை அளவில் ஒரு ஜிப் பையும் சேர்த்துக் கொடுக்கலாம். மோதிரம், கம்மல், வாட்ச், மூக்குத்தி எல்லாவற்றையும் ஷாட்டுக்கு முன் கழற்றியாக வேண்டும். அவை தொலைவது டிஷ்யூ தாளில் சுற்றி மேஜையில் வைக்கும்போதுதான். நகையைப் பரிசாகக் கொடுப்பதைவிட நகையை வைக்க இடம் கொடுப்பது உபயோகம்.

தண்ணீர் பாட்டில் எல்லாரும் கொடுப்பது. ஆனால் வாயை முழுசாக வைத்துக் குடிக்கிற பாட்டில் உதட்டுச் சாயத்தைக் கலைத்துவிடும். ஸ்ட்ரா வைத்த 500 முதல் 750 மில்லி பாட்டிலாக, கவிழ்த்தாலும் சிந்தாததாகப் பாருங்கள். மூன்று மாதத்தில் ஸ்ட்ராவின் உள்ளேயும் மூடியின் ரப்பர் வளையத்துக்கு அடியிலும் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். வளையம் கழற்ற வராத மாடலைத் தொடவே வேண்டாம். மெல்லிய ஸ்ட்ரா பிரஷ் ஒன்றையும் கூடவே கொடுங்கள். ஸ்டீல் பாட்டில் நீடித்து உழைக்கும், ஆனால் மேடைக்குப் பின்னால் கைதவறி விழுந்தால் அரங்கமே திரும்பிப் பார்க்கும். அடியில் ரப்பர் உறை போட்டது கிடைத்தால் நல்லது.

இனி மேக்கப் கலைப்பது. ஃபவுண்டேஷன், ஐ ஷேடோ, கிரீம் எதையும் பரிசாக வாங்க வேண்டாம். தோல் நிறமும் ஒவ்வாமையும் வெளியிலிருந்து ஊகிக்கக்கூடியவை அல்ல. கலைக்கும் பொருள்கள் வேறு விஷயம். அவை எப்போதும் தீர்ந்துகொண்டே இருக்கும், எப்போதும் வேண்டியிருக்கும். மேடை மேக்கப் எண்ணெய்ப் பசை சார்ந்தது என்பதால் கோல்டு கிரீம் அல்லது கிளென்சிங் பாம்தான் அதை இளக்கும். உலர்ந்த முகத்தில், உலர்ந்த கையால் ஒரு நிமிஷம் தேய்க்க வேண்டும். தண்ணீர் அதற்குப் பிறகுதான். முதலிலேயே முகத்தை நனைத்துவிட்டு கிரீம் தேய்ப்பதால்தான் பலருக்கு அது வேலை செய்வதில்லை. தண்ணீரில் கலையாத மஸ்காராவுக்கு இரண்டு அடுக்காகத் தெரிகிற, குலுக்கிப் பயன்படுத்தும் திரவம் தனியாக வேண்டும். பஞ்சில் நனைத்து மூடிய கண்மேல் இருபது விநாடி வைத்துவிட்டு எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. ஈரத்தாள் பாக்கெட்டுகள் அவசரத்துக்கு ஆகும். தினமும் அதை நம்பினால் மேக்கப் கலைவதைவிட இடம் மாறுவதுதான் அதிகம், தேய்த்துத் தேய்த்துக் கன்னம் சிவந்துபோகும்.

ஒட்டு மீசை, தாடி, விக் வைப்பவர் என்றால் பசை நீக்கியைப் போல நன்றியோடு பயன்படுத்தப்படும் பரிசு கிடையாது. ஆனால் எந்தப் பசை என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். மீசை, தாடி ஒட்டும் பிசின் பசையான ஸ்பிரிட் கம்முக்கு உள்ள நீக்கி அதற்கு மட்டும்தான். செயற்கைத் தோல் ஒட்டும் சிலிக்கான், அக்ரிலிக் பசைகளுக்கு அதனதன் நீக்கி வேண்டும். மாற்றி வாங்கிக் கொடுத்தால் அது வராதபோது மனிதர் இழுத்துப் பிய்ப்பார், கூடவே தோலும் வரும். 50 மில்லி அளவே போதும், சின்ன பிரஷ் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். ஓரத்திலிருந்து பிரஷ்ஷால் நனைத்து, ஒரு நிமிஷம் ஊறவிட்டு, பசை தானாக விடுகிற வேகத்துக்குத்தான் உரிக்க வேண்டும். ஆல்கஹால் கலந்தவை சட்டென்று தீப்பிடிக்கும். மேக்கப் அறையின் சூடான பல்பு ஓரத்தில் வைக்கக் கூடாது.

இதோடு கறுப்பிலோ கருநீலத்திலோ இருபது சென்டிமீட்டர் சதுரத் துணிகள் பத்து, துவைக்க ஒரு வலைப் பை. வெள்ளைத் துணி கொடுத்தால் இரண்டாம் வாரமே பார்க்கச் சகிக்காது. மைக்ரோஃபைபர் என்றால் துணி மென்மையாக்கும் திரவம் போட்டுத் துவைக்கக் கூடாது, உறிஞ்சும் தன்மை போய்விடும். நீக்கிகளுக்கும் ஆயுள் உண்டு: புட்டியின் அடியில் திறந்த டப்பா படத்துக்குள் 6M, 12M என்று இருப்பது திறந்த நாளிலிருந்து எத்தனை மாதம் என்பது. பெரிய புட்டியாக வாங்கிக் கொடுப்பதைவிடச் சின்னதாக இரண்டு கொடுப்பது அதனால்தான்.

வீட்டிலிருந்தே ஆடிஷன் அனுப்புவது வழக்கமாகிவிட்ட பிறகு பெரிய தொகை செலவழிக்க நினைப்பவர்கள் நேராக ரிங் லைட் என்ற வளைய விளக்கில் போய் நிற்கிறார்கள். முகஅழகு வீடியோவுக்கு அது சரி. நடிகருக்கு அது இரண்டாம்பட்சம். கருவிழியில் வெள்ளை வளையம் தெரியும், பார்ப்பவர் கவனம் அங்கேயே போகும்; கண்ணாடி போட்டவர் என்றால் இரண்டு கண்ணாடியிலும் வளையம். அதே பணத்துக்கு 50, 60 சென்டிமீட்டர் அகலமுள்ள சாஃப்ட் பாக்ஸ், அதாவது முன்னால் வெள்ளைத் துணி மூடிய விளக்குப் பெட்டி, ஒன்று போதும். முகத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, கண் மட்டத்துக்கு மேலே, பக்கவாட்டில் 45 டிகிரியில் வைத்தால் முகத்துக்கு வடிவம் கிடைக்கும். கண்ணாடியில் பளபளத்தால் விளக்கை இன்னும் உயர்த்திக் கீழ்நோக்கிச் சாய்க்கலாம். வாங்கும்போது இரண்டு எண்களைப் பாருங்கள்: வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் நிற வெப்பம் 5600K (பகல் வெளிச்ச நிறம்) வைக்க முடிய வேண்டும்; நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டுகிறது என்பதைச் சொல்லும் சி.ஆர்.ஐ. 95 அல்லது மேல் இருக்க வேண்டும். சி.ஆர்.ஐ. குறைந்த விளக்கில் தோல் நோயாளி போல வெளிறித் தெரியும், மேக்கப்பை மாற்றி மாற்றிப் பார்த்தும் காரணம் பிடிபடாது. மலிவு எல்.இ.டி.யை வெளிச்சம் குறைத்து வைத்தால் வீடியோவில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஊர்வதும் உண்டு. குறைப்பதற்குப் பதில் விளக்கை முழு வெளிச்சத்தில் விட்டுத் தள்ளி வைப்பதே வழி.

பின்திரை: சாம்பல் ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம், 1.5 × 2 மீட்டர், வளைத்து மடிக்கிற வகை. பச்சை வேண்டாம், அது தோலில் பச்சை நிழல் அடிக்கும், ஆடிஷனுக்கு அதற்கு வேலையும் இல்லை. மடிப்பதுதான் இதன் சோதனை. இரண்டு ஓரங்களையும் எதிரெதிர்த் திசையில் முறுக்கி எட்டு போல ஆக்கி ஒன்றன்மேல் ஒன்றாக விழவிட வேண்டும். மல்லுக்கட்டி மடித்தால் உள்ளே இருக்கும் கம்பி வளைந்துபோகும், கொஞ்ச நாளில் தையலைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும். துணிச் சுருக்கம் போக முந்தின இரவே விரித்து வைத்துவிடலாம். நடிகர் திரையிலிருந்து ஒரு மீட்டராவது முன்னே நின்றால் நிழல் விழாது.

டிரைபாடில் பலர் உயரத்தைப் பார்ப்பதே இல்லை. நின்று பேசுகிறவரின் கண் மட்டத்துக்குப் போன் வர வேண்டும், அதாவது 150 சென்டிமீட்டருக்கு மேல். அதுவும் நடுக்கம்பியை நீட்டாமலே. நடுக்கம்பியை முழுக்க நீட்டினால் பக்கத்தில் யாராவது நடந்தாலே படம் ஆடும். ஒரு வருஷத்தில் முதலில் போவது போனைப் பிடிக்கும் கிளாம்ப்பின் ரப்பர், பிறகு கால்களின் பூட்டு. கிளாம்ப் தனியாகக் கழன்று வருகிற, திருகு போடும் மாடல் என்றால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

மைக் ஒன்றும் இந்தக் கூட்டத்தில் சேரும். முகம் வீங்கித் தெரியாமல் இருக்கப் போனை ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். அவ்வளவு தூரத்தில் போனின் சொந்த மைக் அறையின் எதிரொலியைத்தான் பிடிக்கும். சட்டையில் குத்தும் சின்ன மைக், தாடைக்குக் கீழே ஒரு சாண் தள்ளி. வாங்குமுன் போனின் துளை எது என்று பாருங்கள்: ஐபோன் 15 முதல் டைப் சி, அதற்கு முந்தையது லைட்னிங். இவ்வளவும் வாங்கிக் கொடுத்தபிறகு நேருகிற பெரிய கோளாறு வேறொன்று. எதிர் வசனம் படிக்கிறவர் போனை ஒட்டி நிற்பதால் அவர் குரல் நடிகர் குரலை அமுக்கிவிடும். அவரை போனுக்குப் பின்னால் இரண்டடி தள்ளி நிறுத்தி, பாதிக் குரலில் படிக்கச் சொல்லுங்கள். உண்மையில், வாரம் ஒரு மணி நேரம் எதிர் வசனம் படிக்க வருகிறேன் என்று சொல்லி அதைச் செய்வதும் ஒரு பரிசுதான், மைக்கைவிட அதற்கு ஆள் கிடைப்பது கஷ்டம்.

குரலுக்கு என்று கொடுப்பதில் மெந்தால் மிட்டாய்களைத் தவிருங்கள். தொண்டையை மரக்கச் செய்வதால் வலி தெரியாமல் இன்னும் கத்தத் தூண்டும். குடிக்கும் தண்ணீர் குரல்நாண்களைத் தொடுவதே இல்லை, அது உணவுக்குழாய் வழியாகப் போய்விடும். குரல்நாண்கள்மேல் நேரடியாக ஈரம் படுவது மூச்சோடு உள்ளே போகிற ஆவியால் மட்டும். முகமூடி வைத்த சாதா ஆவிக் குடுவை வெறும் தண்ணீரோடு ஐந்து, பத்து நிமிஷம் வேலையைச் செய்துவிடும். உடையாதவரை வருஷக்கணக்கில் ஓடும். திரவத்தை நுண்துளிகளாக்கி மூச்சோடு இழுக்கத் தரும் கையடக்க நெபுலைசர் பயணத்துக்கு வசதி. அதில் 0.9 சதவீத உப்புநீர் மட்டுமே ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரோ தைலமோ ஊற்றினால் உள்ளே இருக்கும் நுண்வலை அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் முடிந்ததும் காய்ச்சி வடித்த நீரை ஒரு நிமிஷம் ஓட்டிக் காயவிட வேண்டும், இதைச் செய்யாதவர் கையில் அது சீக்கிரமே பேப்பர் வெயிட். நுண்வலை தனியாக விற்கிற மாடலா என்று பார்த்து வாங்குங்கள். ஆஸ்துமா உள்ளவர் என்றால் மருத்துவரைக் கேட்டபிறகுதான் இது.

வசனத் தாளுக்கு: திரவ ஹைலைட்டர் இன்க்ஜெட் பிரிண்ட் எழுத்தை இழுத்துவிடும், மெல்லிய தாளில் பின்பக்கம் ஊறும். ஜெல் குச்சி ஹைலைட்டர் இரண்டையும் செய்யாது. வெயிலில் வைத்தால் மட்டும் இளகிக் கொழகொழக்கும். மஞ்சளோடு நிறுத்தாமல் மூன்று நிறம் கொடுங்கள், ஏனென்றால் திருத்திய பக்கங்கள் நிறத்தாளில் வரும் இடங்களில் மஞ்சள் தாள்மேல் மஞ்சள் தெரியாது. மேடை அசைவுகளைக் குறிக்கப் பென்சில்தான், நாளைக்கே இயக்குநர் மாற்றிவிடுவார். அழுத்தி முனை தள்ளும் பென்சிலில் 0.5 மில்லிமீட்டர் முனை நின்றபடி எழுதும்போது ஒடிந்துகொண்டே இருக்கும், 0.7 நிற்கும்.

பவர் பேங்க்கில் பெரிசு நல்லது என்று நினைக்க வேண்டாம். 20,000 எம்.ஏ.எச். என்பது சுமார் 74 வாட்-மணி, விமானத்தில் கைப்பையில் அனுமதிக்கிற 100-க்குள்தான் வரும். ஆனால் அந்தக் கனத்தை யாரும் தினமும் தூக்குவதில்லை. 10,000 எடுத்துப் போவார்கள். அதில் உண்மையில் போனுக்குப் போய்ச் சேருவது மூன்றில் இரண்டு பங்குதான். பவர் பேங்க்கின் வயிறு உப்பத் தொடங்கினால் அதைப் பயன்படுத்துவதை அன்றோடு நிறுத்திவிட வேண்டும்.

வாசனைத் திரவியம் கூடாது. நெருக்கமான காட்சியில் எதிரே நிற்பவருக்குத் தலைவலி, காஸ்ட்யூமில் ஏறினால் இறங்காது. ஃபேஷியல், முடிவெட்டு, கடற்கரை விடுமுறை போன்ற கூப்பன்கள் படப்பிடிப்பு நடக்கும்போது ஆபத்து: புதுசாகப் பூசியது கொப்பளித்தாலோ, தோல் கறுத்தாலோ, முடி ஒரு அங்குலம் குறைந்தாலோ நேற்று எடுத்த ஷாட்டோடு இன்றைய ஷாட் ஒட்டாது. அவற்றைக் கடைசி நாள் முடிந்தபிறகு கொடுங்கள். வகுப்புக்கோ புகைப்படத்துக்கோ பணம் கட்டிக் கொடுப்பதாக இருந்தால் தேதி மாற்றிக்கொள்ளும் உரிமை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், புகைப்படக்காரரை அவரே தேர்ந்தெடுக்கட்டும்.

அரங்கேற்ற நாள் அன்று பரிசோடு போவது வழக்கம். அன்று மேஜை முழுக்கப் பூவாக இருக்கும், எதையும் யாரும் பிரிக்க மாட்டார்கள். கருவி எதுவானாலும் ஒத்திகை தொடங்கும்போதே கொடுத்துவிடுங்கள், பழகிக்கொள்ள அவகாசம் இருக்கும். கொடுக்குமுன் அடியில் அழியாத மையால் அவர் பெயரை எழுதுங்கள். ஒரே மாதிரிப் பாட்டில் எட்டு, ஒரே மாதிரி சார்ஜர் ஆறு கிடக்கிற அறை அது.