இரண்டு டம்ளர் காபிக்கு எட்டு டம்ளர் பில்டர்

ஆறு மாதம் எங்கள் தெருமுனைக் காபித்தூள் கடைக்காரரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். மகள் கல்யாணமாகிப் போனாள், மகன் வேலை கிடைத்துப் பெங்களூரு போனான், ஸ்ரீரங்கத்து வீட்டில் நானும் மனைவியும் மட்டும் மிஞ்சினோம். அன்றிலிருந்து காபி கெட்டது. டிகாக்‌ஷன் தண்ணீராக இறங்கியது. ஒரு கரண்டி தூள் கூடுதலாகப் போட்டேன், செலவுதான் கூடியது. சிக்கரியைக் கூட்டச் சொன்னேன், கறுத்தது, மணக்கவில்லை. கடைக்காரர் கொட்டையை மாற்றிவிட்டார் என்று முடிவுகட்டி வேறு கடைக்குப் போனேன். அங்கே வாங்கிய தூளும் அப்படியே இறங்கியது.

கோளாறு அம்மா காலத்துப் பித்தளை பில்டரில் இருந்தது. ஓட்டை உடைசல் ஒன்றுமில்லை. எட்டுப் பேர் குடிக்கிற அளவுப் பாத்திரத்தில் இரண்டு பேருக்குத் தூள் போட்டால் பாவம் அது என்ன செய்யும்? அதன் அடித்தட்டு பதினோரு சென்டிமீட்டர் அகலம். இரண்டு டம்ளருக்கான 20 கிராம் தூளைப் பரப்பினால் அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல்தான் நிற்கும். கொதிநீர் அதைத் தொட்டும் தொடாமலும் மூன்று நிமிடத்தில் கீழே போய்விடும். அதே தூளை ஆறு சென்டிமீட்டர் அகலப் பாத்திரத்தில் போட்டால் இரண்டு சென்டிமீட்டர் உயரம் நிற்கிறது. தண்ணீர் அதற்குள் நின்று ஊறி, சாரத்தை எடுத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக இறங்குகிறது.

இது புரிந்த அன்று மாலை பெரிய கடைவீதிக்குப் போய் இரண்டு பேர் அளவு எவர்சில்வர் பில்டர் வாங்கினேன். விலை 380 ரூபாய். வாங்குகிறவர்கள் மேல் பாத்திரத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்க வேண்டும். துளைகள் ஊசிமுனை அளவில், ஒரே சீராக இருந்தால் எடுக்கலாம். நான் பார்த்த முதல் இரண்டில் ஓரத்துத் துளைகள் பாதி அடைந்திருந்தன. மூன்றாவதை எடுத்தேன். கடைப் பையன் பெருமூச்சு விட்டான்.

என் கணக்கு இது. 20 கிராம் தூள், கொதி அடங்கிய தண்ணீர் 120 மில்லி. தூள் தன் எடையைப் போல் இரண்டு மடங்கு தண்ணீரைத் தனக்கே வைத்துக்கொள்ளும். ஆகவே 80 மில்லி டிகாக்‌ஷன் கைக்கு வரும். ஆடிட்டர் அலுவலகத்தில் 27 வருடம் கணக்கு எழுதுகிறவனுக்கு அந்த 40 மில்லி எங்கே போயிற்று என்று தெரியாவிட்டால் தூக்கம் வராது. இறங்க இருபது நிமிடம் ஆகிறது. தூளைக் குடை போன்ற அந்தத் தட்டால் லேசாக அமுக்கினால் போதும். பலம் காட்டினால் காலை ஒன்பது மணிக்கும் அது இறங்காது. சில நாள் ஒரு சொட்டும் விழாமல் நிற்கும். மேல் பாத்திரமும் கீழ்ப் பாத்திரமும் இறுகப் பொருந்தி உள்ளே காற்று அடைபட்டிருக்கும். மேலதை ஒரு மயிரிழை தூக்கி வைத்தால் இறங்கத் தொடங்கும். துளை அடைத்துக்கொண்டால் அம்மா செய்ததைத்தான் நானும் செய்கிறேன்: காஸ் அடுப்புத் தீயில் காட்டி, ஒட்டிய தூள் கருகியதும் தேய்த்துக் கழுவிவிடுவேன்.

பித்தளையில்தான் ருசி என்று சாதிப்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. வெள்ளைத் துணியால் துடைத்து வைத்தால் அழகு. ஆனால் காபிக்குப் புளிப்புத்தன்மை உண்டு. உள்ளே ஈயம் பூசாத பித்தளையில் அது ஊறிக் கிடப்பது நல்லதில்லை. ஈயம் பூசுகிறவர் எங்கள் பக்கம் வந்து பல வருடம் ஆகிறது. கண்ணை மூடிக்கொண்டு குடித்தால் இரண்டுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. மனைவி தெரியும் என்கிறாள். மூன்று முறை சோதித்தேன், இரண்டு முறை தவறாகச் சொன்னாள். அதற்கு மேல் சோதிக்க எனக்குத் தைரியமில்லை.

அலுவலகத்துக்கு வருகிறேன். தில்லைநகரில் எங்கள் அறைக்கு எதிரே இருந்த காபிக் கடையை மூடிவிட்டார்கள். ஏழு பேருக்குக் காலை பதினோரு மணிக் காபி இல்லாமல் போயிற்று. ஏற்பாடு செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

முதலில் வாங்கியது மின்சார டிகாக்‌ஷன் மெஷின். ஆறு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும் என்பது நிஜம். அதன் வலை வடிகட்டியைக் கழுவுவதும் சுலபம். தொந்தரவு எல்லாம் அடியில் உள்ள சூட்டுத் தட்டால்தான். ஆடிட்டர் அறையில் கூட்டம் நீண்டால் டிகாக்‌ஷன் அந்தத் தட்டின் மேலேயே அரை மணி நேரம் வெந்து, தீய்ந்த வாடை அடிக்கும். இறங்கியவுடன் பிளாஸ்க்கில் ஊற்றிவிட ஆள் இருந்தால் வாங்கலாம். எங்களிடம் அப்படி ஓர் ஆள் இல்லை.

அடுத்தது மோக்கா பாத்திரம். 1933இல் அல்ஃபோன்சோ பியாலெட்டி என்ற இத்தாலியர் கொண்டுவந்த எட்டுப்பட்டை அலுமினியச் சாதனம். கீழே தண்ணீர், நடுவில் தூள், கொதிக்கும் நீராவி தண்ணீரைத் தூளுக்குள் தள்ளி மேல் அறைக்கு ஏற்றும். நம் பில்டர் இறக்குகிறது, இது ஏற்றுகிறது. ஆசையாக வாங்கிப் பிரித்து, தண்ணீர் ஊற்றி, அலுவலக அடுப்பில் வைத்தேன். பத்து நிமிடம் ஏழு பேரும் சுற்றி நின்றோம். சூடே ஏறவில்லை. அலுவலகத்தில் இருப்பது இண்டக்‌ஷன் அடுப்பு. வெறும் அலுமினியம் அதில் சூடாகாது. வரவு செலவை நுணுக்கி நுணுக்கிப் பார்ப்பவன் பெட்டியின் மேல் எழுதியிருந்ததைப் படிக்கவில்லை என்று இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அதை வீட்டுக்குக் கொண்டுபோனேன். காஸ் அடுப்பில் ஐந்தே நிமிடம். பாலுக்கு ஈடுகொடுக்கும் கெட்டியான காபி. அவசரக் காலைக்கு உகந்தது. தண்ணீர் பக்கவாட்டு வால்வுக்குக் கீழே நிற்க வேண்டும், தூளை அமுக்கக் கூடாது, மேலே களகளவென்று சத்தம் வந்தவுடன் இறக்கிவிட வேண்டும். சிக்கரி கலந்த நைசான தூளை இதில் போடாதீர்கள். அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும். இண்டக்‌ஷன் வைத்திருப்பவர்கள் இதையே அந்த அடுப்புக்கு ஏற்ற எவர்சில்வரில் கேட்டு வாங்கலாம்.

சிக்கரி என்றதும் ஒன்று. கலவைத் தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். அதாவது பாதிக்குச் சற்றுக் குறைவாகச் சிக்கரி இருந்தாலும் சட்டப்படி சரிதான். பாக்கெட்டின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். எங்கள் வீட்டில் 85க்கு 15.

தூளை வெந்நீரில் ஊறவைத்து வலைத் தட்டால் கீழே அழுத்தும் பிரெஞ்சு பிரஸ்ஸைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கொரகொரப்பாக அரைத்த தூள், நான்கு நிமிடம், அழுத்தி ஊற்றினால் தீர்ந்தது. பால் விட்டால் சப்பென்று ஆகிவிடும். எங்கள் அலுவலகத்தில் பயிற்சிக்கு வந்திருக்கும் பெண் ஒருத்திதான் பால் இல்லாமல் குடிக்கிறாள். ஏற்காட்டுக் கொட்டையை அவளே கொண்டுவந்து போட்டுக்கொள்கிறாள். ஒரு வாய் வாங்கிக் குடித்தேன். மோசமில்லை. ஆனால் அதைக் காபி என்று சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

கொட்டை அரைக்கும் கை மெஷினைப் பற்றி மகன் ஓயாமல் சொல்லி, கடைசியில் அவனே ஒன்றை வாங்கி அனுப்பினான். மிக்ஸியில் அரைத்தால் பாதி மாவாகவும் பாதி குருணையாகவும் வரும், இது ஒரே பதமாக அரைக்கும் என்றான். உண்மைதான். அரைத்த கையோடு போட்ட காபியின் மணம் கூடத்துக்கு வருகிறது. ஆனால் பில்டர் பதத்துக்கு 20 கிராம் அரைக்க நான்கு நிமிடம் சுற்ற வேண்டும், எனக்கோ வலது தோளில் வலி. கண் முன்னே அரைத்துக் கொடுக்கும் கடை தெருமுனையில் இருக்கும்போது வாரம் 100 கிராம் வாங்கினால் போதும் என்பது என் முடிவு. கடை தூரத்தில் இருப்பவர்களும் தோள் நன்றாக இருப்பவர்களும் தாராளமாக வாங்கலாம்.

அந்தத் தெருமுனைக் கடைக்கே திரும்பிவிட்டேன். ஆறு மாதம் எங்கே போனீர்கள் என்று அவர் கேட்டார். பெங்களூரில் மகன் வீட்டில் இருந்தோம் என்று சொல்லிவைத்தேன்.

அம்மாவின் பித்தளை பில்டருக்குக் கும்பகோணத்தில் ஈயம் பூசி எடுத்துவந்து, இப்போது அலுவலகத்தில் வைத்திருக்கிறேன். காலையில் நான் போனதும் 70 கிராம் தூள் போட்டு ஊற்றிவைத்தால் பதினோரு மணிக்குள் முழுக்க இறங்கியிருக்கிறது. ஏழு பேர், எட்டுப் பேர் பில்டர். மிச்சமிருக்கும் அரை டம்ளர் டிகாக்‌ஷன் யாருக்கு என்பதில்தான் தினமும் தகராறு.