தொலைந்தது ஒரு பை: எல்டிஆர், சிஇஐஆர் இரண்டையும் பயன்படுத்திப் பார்த்த கதை

பை கிடைக்கவில்லை. அதிலிருந்த போன் கிடைத்தது, 38 நாள் கழித்து. லைசென்ஸும் ஆர்சியும் புதிதாக வாங்கியாயிற்று. உள்ளே இருந்த 1,700 ரூபாயும் அப்பாவின் பழைய பேனாவும் போனது போனதுதான். இதற்கு நடுவில் தமிழ்நாடு காவல்துறையின் எல்டிஆர் (ஆவணம் தொலைந்ததைப் பதிய), டெலிகாம் துறையின் சிஇஐஆர் (தொலைந்த போனை முடக்க) என்று இரண்டு அரசு ஆன்லைன் சேவைகளைப் பயன்படுத்தினேன். பொருள் தொலைத்துவிட்டுப் பதறும் யாருக்காவது உதவுமே என்று எழுதுகிறேன்.

தென்சென்னையில் ஒரு ஷேர் ஆட்டோ, நல்ல மழை. மடியில் காய்கறிப் பை, காலடியில் கறுப்பு லேப்டாப் பை. லேப்டாப் அன்றைக்கு அதில் இல்லை, அந்த மட்டும் புண்ணியம். பின்னால் இருந்தவர் இறங்க வழிவிட்டு நானும் அவசரமாக இறங்கினேன், காய்கறிப் பையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு. தக்காளி ஒன்றுகூட நசுங்காமல் வீடு வந்து சேர்ந்தது.

மனைவியின் போனிலிருந்து அழைத்தோம். நாலு முறை ரிங் போனது, ஐந்தாவது முறை ஸ்விட்ச் ஆஃப். உடனே கூகுளின் ஃபைண்ட் ஹப் (முன்பு ஃபைண்ட் மை டிவைஸ் என்று இருந்ததுதான்) திறந்து தொலைந்ததாகக் குறித்துப் பூட்டினேன். இங்கே ஒரு விஷயம், பதற்றத்தில் எரேஸ் பட்டனை அழுத்திவிடாதீர்கள். டேட்டா அழிந்தபின் அந்தப் போன் எங்கே இருக்கிறது என்று அதில் பார்க்க முடியாது. அப்புறம் சிம் பிளாக், கார்டு பிளாக், யுபிஐ பிளாக். இதற்கே ராத்திரி பத்தரை ஆகிவிட்டது.

மறுநாள் காலை ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனேன். வண்டி நம்பர் தெரியாது. ஓட்டுநர்கள் கேட்ட கேள்விகள் எதற்கும் என்னிடம் பதில் இல்லை. "முன்னாடி கண்ணாடில என்ன பேர் எழுதியிருந்துச்சு சார்? என்ன சாமி படம் ஒட்டியிருந்துச்சு? டிரைவருக்கு வயசு என்ன இருக்கும்?" தினமும் ஏறுகிற வண்டிதான், ஒன்றுமே கவனித்ததில்லை. ஒரு பெரியவர் என் நம்பரை வாங்கி அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் போட்டார். சன்மானம் தருகிறேன் என்றும் சொல்லிவைத்தேன். (1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது. கண்டெடுத்தவர் பொருளைத் தன் பொருள்போலப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். உரியவர் பரிசு அறிவித்திருந்தால் அதைக் கேட்டு வழக்குப் போடலாம், தரும்வரை பொருளைக் கையில் வைத்துக்கொள்ளவும் செய்யலாம். இதை அந்தப் பெரியவரிடம் சொன்னபோது என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.)

மாநகரப் பேருந்தில் விட்டிருந்தால் இவ்வளவு திண்டாட்டம் இல்லை. கையில் டிக்கெட் இருக்கும், ரூட் தெரியும், நேரம் தெரியும், டிப்போவில் போய் விசாரிக்கலாம். ரயில் என்றால் 139 என்ற உதவி எண், ரயில் எண்ணும் கோச்சும் சீட்டும் சொன்னால் ரயில்வே பாதுகாப்புப் படை (ஆர்பிஎஃப்) அடுத்த ஸ்டேஷனிலேயே ஏறிப் பார்க்க வாய்ப்பு உண்டு. ஷேர் ஆட்டோவில் உங்களுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது.

சரி, எல்டிஆருக்கு வருகிறேன். லாஸ்ட் டாக்குமென்ட் ரிப்போர்ட், தமிழ்நாடு காவல்துறையின் இ-சர்வீசஸ் தளத்தில் இருக்கிறது. பாஸ்போர்ட், ஆர்சி, லைசென்ஸ், மதிப்பெண் சான்றிதழ், அடையாள அட்டை மாதிரியான ஆவணங்கள் தொலைந்தால் இதில் பதியலாம். பெயர், முகவரி, மொபைல் நம்பர், ஆவணத்தின் எண், எங்கே எப்போது தொலைந்தது என்று நிரப்பினால் ஒரு எண்ணோடு அறிக்கை வந்துவிடுகிறது, இறக்கிக்கொள்ளலாம். எனக்கு இரண்டு ஆவணத்துக்கும் சேர்த்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதிலும் பாதி, ஆர்சி நம்பரைத் தேடியதில் போனது. கடைசியில் மனைவியின் போனில் டிஜிலாக்கரை (ஆவணங்களை டிஜிட்டலாக வைத்துக்கொள்ளும் அரசு ஆப்) திறந்து பார்த்துத்தான் நிரப்பினேன். டிஜிலாக்கரில் இருக்கும் லைசென்ஸும் ஆர்சியும் வாகனச் சோதனையில் செல்லும் என்பதால், புது அட்டை வரும்வரை வண்டி ஓட்டுவதிலும் சிக்கல் இல்லை. இன்னும் இதில் ஆவணங்களை ஏற்றாதவர்கள் இதைப் படித்து முடித்ததும் அந்த வேலையைப் பாருங்கள், பத்து நிமிஷம் போதும்.

முன்பெல்லாம் இந்த ஒரு காகிதத்துக்காக ஸ்டேஷனுக்கு எத்தனை நடை நடக்க வேண்டும் என்பது லைசென்ஸ் தொலைத்த எல்லோருக்கும் தெரியும். ரைட்டர் இல்லை, இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார், நாளைக்கு வாங்க. அந்த அலைச்சலை இது ஒழித்துவிட்டது, அதற்காகவே ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். ஆனால் பலர் நினைப்பதுபோல இது தேடும் சேவை கிடையாது. எல்டிஆர் போட்டதால் யாரும் உங்கள் பர்ஸைத் தேடிக் கிளம்பமாட்டார்கள். ஒரு காகிதம் தொலைந்தது என்பதற்கு இன்னொரு காகிதம், அதைக் காட்டி மூன்றாவது காகிதம் வாங்கலாம், அவ்வளவுதான். தொலைந்தால் மட்டும்தான் இது, திருட்டு என்றால் ஸ்டேஷனுக்குத்தான் போக வேண்டும். வீட்டுப் பத்திரம் தொலைந்தால் அது தனிக் கதை, ஸ்டேஷன் புகார், பத்திரிகை விளம்பரம், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றிதழ் என்று நீளும், எல்டிஆரை நம்பி உட்காராதீர்கள். நகல் லைசென்ஸும் ஆர்சியும் போக்குவரத்துச் சேவைகளுக்கான அரசின் பரிவாகன் தளத்தில் விண்ணப்பித்தேன், இரண்டுமே தபாலில்தான் வந்தன. வீட்டு முகவரி மாறியிருந்தால் அதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

போனுக்கு எல்டிஆர் உதவாது. சிஇஐஆரில் போனை முடக்க ஸ்டேஷன் புகாரின் நகல் வேண்டும், அதாவது நம் ஊர்ப் பேச்சில் சிஎஸ்ஆர், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது. இங்கேதான் எனக்கு ஒரு முழு நாள் போனது. நான் வந்த பாதையில் பாதி சென்னை மாநகரக் காவல், மீதி 2022இல் புதிதாக வந்த தாம்பரம் ஆணையரகம். முதலில் போன ஸ்டேஷனில், பெயர் வேண்டாம், பாராவில் இருந்த காவலரே "அது எங்க லிமிட் இல்ல சார், நீங்க இறங்கின இடத்துல போய்க் குடுங்க" என்று அனுப்பிவிட்டார். இரண்டாவது இடத்தில், ஏறின இடம் எது என்று கேட்டார்கள். எந்த நொடியில் தொலைந்தது என்று தெரிந்திருந்தால் நான் ஏன் தொலைக்கப் போகிறேன் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. ஸ்டேஷனில் நமக்கு வாய் நீளாது. சாயங்காலம் வந்த ஒரு எஸ்ஐ, ஃபைண்ட் ஹப் கடைசியாகக் காட்டிய இடத்தைப் பார்த்துவிட்டு, எங்கள் லிமிட்தான் என்று ரைட்டரிடம் சொல்லி சிஎஸ்ஆர் போடவைத்தார். நல்ல மனுஷர்.

பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு கல்லூரிப் பையன். பைக்கில் வந்த இரண்டு பேர் அவன் கையிலிருந்த போனைப் பறித்துப் போயிருக்கிறார்கள். அவனிடமும் "தொலைஞ்சு போச்சுன்னே எழுதுப்பா, சீக்கிரம் முடியும்" என்று சொன்னார்கள். அப்படி எழுதாதீர்கள். நான் மறந்துவிட்டு இறங்கியவன், எனக்கு சிஎஸ்ஆர் போதும். பறிப்பு குற்றம், அதற்கு எஃப்ஐஆர் போட்டு நகலை இலவசமாகத் தர வேண்டும், லிமிட் எதுவாக இருந்தாலும் புகாரை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே இருக்கிறது. இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தால் எஃப்ஐஆர் இல்லாமல் பெரும்பாலும் பணம் வராது. பையனிடம் இதை மெதுவாகச் சொன்னேன், அவன் கேட்டானா தெரியாது.

இனி சிஇஐஆர். 2019இல் மும்பை பக்கம் சோதனையாக ஆரம்பித்து, 2023 மே மாதம் நாடு முழுக்க வந்தது. இப்போது டெலிகாம் துறையின் சஞ்சார் சாத்தி தளத்திலேயே இருக்கிறது. போனின் ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) கொடுத்தால் எல்லா நெட்வொர்க்கிலும் அந்தப் போனை முடக்கிவிடுவார்கள், எந்த கம்பெனி சிம்மைப் போட்டாலும் சிக்னல் கிடைக்காது. யாராவது சிம் போட்டுப் பார்த்தால் அந்தத் தகவல் போலீசுக்குப் போகும். பிளாக் செய்தால் கண்டுபிடிக்க முடியாமல் போய்விடுமே என்று என் மைத்துனர் தடுத்தார், அது தப்பு, முடக்கிய போனையும் தடம் பார்க்க முடியும்.

விண்ணப்பிக்கத் தேவையானவை: ஐஎம்இஐ எண் (இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண்), புகார் நகல், அடையாள அட்டை, கடை பில். ஓடிபி வருவதற்கு, தொலைந்த அதே நம்பரில் டூப்ளிகேட் சிம் வாங்கியிருக்க வேண்டும். இங்கேதான் பொறுமை தேவை. புது சிம் வேலை செய்ய ஆரம்பித்தாலும் முதல் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது. கள்ளத்தனமாக அடுத்தவர் பெயரில் சிம் எடுத்து, ஓடிபி வாங்கி, கணக்கைத் துடைக்கிற கும்பலைத் தடுக்கத்தான் இந்த விதி. நியாயமானதுதான், ஆனால் போன் கைமாறுவதற்கும் அதே 24 மணி நேரம் தாராளம். அதனால் தொலைந்த அன்றே சிம் கடைக்குப் போய்விடுங்கள், நான் ஸ்டேஷனை முடித்துவிட்டுப் போனதில் ஒரு நாள் வீண். காத்திருக்க வேண்டாம் என்றால் போலீஸ் வழியாகவும் பிளாக் செய்யலாம், சிஎஸ்ஆர் போடும்போதே கேட்டுப் பாருங்கள்.

ஐஎம்இஐ எங்கே கிடைக்கும்? போன் கையில் இருந்தால் *#06# போதும். இல்லாதவர்களுக்கு அட்டைப் பெட்டியில், பில்லில், ஆண்ட்ராய்டு என்றால் ஃபைண்ட் ஹப் பக்கத்திலேயே. எங்கள் வீட்டில் போன் பெட்டியில் ஊசி நூல் வைத்திருந்தார்கள், அதனால் தப்பித்தது.

பதிந்ததும் ஒரு ரிக்வெஸ்ட் ஐடி வந்தது. மறுநாள் நிலையைப் பார்த்தபோது பிளாக் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு அமைதி. ஆட்டோ ஸ்டாண்ட் பெரியவர் மட்டும் பார்க்கும்போதெல்லாம் "பை கெடச்சுதா?" என்று கேட்பார், நான் உதட்டைப் பிதுக்குவேன். ஐந்து வாரம் ஆனதும் ஸ்டேஷனிலிருந்து அழைப்பு. வேறொரு மாவட்டத்தில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒருவர் சிம்மைப் போட்டிருக்கிறார். அவருக்குப் பாவம், காசும் போய் போனும் போயிற்று. பழைய போன் வாங்குகிறவர்கள் கேஒய்எம் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு ஐஎம்இஐ எண்ணைப் போட்டு 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பார்த்துவிட்டு வாங்கலாம், அவர் பார்க்கவில்லை.

சிஇஐஆருக்கு ஐந்துக்கு நாலு. ஒரு மார்க்கைக் குறைத்தது, இதன் பிடி மொபைல் நெட்வொர்க்கோடு முடிந்துவிடுகிறது என்பதால். வைஃபையில் மட்டும் பயன்படுத்தினாலோ, பாகம் பாகமாகப் பிரித்து விற்றாலோ இது ஒன்றும் செய்யாது. எனக்குக் கிடைத்தது ஒருவர் விவரம் தெரியாமல் சிம் போட்டதால். எல்லோருக்கும் கிடைக்கும் என்று எண்ணவேண்டாம்.

ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். திரையில் புதிதாக ஒரு கீறல், உறை மாறியிருந்தது, ரோஜாப்பூ போட்ட உறை. போன் கைக்கு வந்தபின்னும் அது முடங்கியேதான் இருக்கும், நாமே அதே தளத்தில் ரிக்வெஸ்ட் ஐடியைக் கொடுத்து அன்பிளாக் கேட்க வேண்டும், இது தெரியாமல் சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். கேட்டேன், சிக்னல் வந்தது. வந்ததும் முதல் அழைப்பு, பர்சனல் லோன் வேண்டுமா சார் என்று.