எடை சரி, பக்கம் தப்பு: சி.எஸ்.டபிள்யூ.ஏ. எழுதி நான்கு வருடம் கழித்து

போன வாரம் டீ நேரத்தில் எங்கள் பட்டறையின் மூத்த டர்னர் அண்ணன் என் மேசைக்கு வந்தார். "தம்பி, பாப்பா ஏதோ சாலிட்வொர்க்ஸ் பரீட்சை எழுதணும்ங்குது. டிப்ளமோ கடைசி வருசம். எழுதலாமுங்களா?" என்று கேட்டார். "ரெண்டு நாள் கழிச்சுச் சொல்றேங்ணா" என்று அனுப்பிவிட்டேன். காலையில்தான் ஒரு பேட்டர்ன், அதாவது வார்ப்புக்கான மர மாதிரி, வீணாகியிருந்தது. அந்தக் கோபத்தில் எதைச் சொன்னாலும் தப்பாகத்தான் வரும். அவருக்குச் சொல்ல வேண்டியதை இங்கே முழுசாக எழுதிப் பார்க்கிறேன்.

பாப்பா கேட்டது சி.எஸ்.டபிள்யூ.ஏ., கம்ப்யூட்டரில் பாகங்களை முப்பரிமாணத்தில் வரையும் சாலிட்வொர்க்ஸ் மென்பொருளுக்கான சான்றிதழ் தேர்வு. அதன் அமைப்பு பலருக்கும் தெரிந்ததுதான். நான் எழுதியபோது 3 மணி நேரம், 14 கேள்விகள், 240 மதிப்பெண், 165 எடுத்தால் பாஸ். நான் சேர்ந்த பயிற்சி மையத்தில் இரண்டு மாதம் கமாண்டுகளை வரிசையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். எக்ஸ்ட்ரூட், ரிவால்வ், ஸ்வீப், லாஃப்ட் என்று நோட்டு நிறைந்தது. ஒரு டிராயிங்கைக் கையில் கொடுத்து இதை எங்கிருந்து ஆரம்பிப்பாய் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அதற்கு அப்புறம் ஆறு வாரம், ஷிஃப்ட் முடிந்ததும் முதலாளியிடம் கேட்டுக்கொண்டு ஆபீஸ் கம்ப்யூட்டரில் நானே உட்கார்ந்து போட்டுப் பார்த்ததுதான் உண்மையான தயாரிப்பு.

அந்த ஆறு வாரத்தில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம், எடை. பார்ட்டை வரைந்து முடித்து, மெட்டீரியல் கொடுத்து, மாஸ் பிராப்பர்ட்டீஸைத் திறந்தால் எத்தனை கிராம் என்று வரும். அந்த எண்தான் பதில். வரைந்தது சரியா தப்பா என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் வரை அதுவே சொல்லிவிடும். பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் டிராயிங் ஷீட் போட்டபோது, பென்சில் கோடு மெல்லியதா தடித்ததா என்பதற்கெல்லாம் மார்க் குறைந்தது. இங்கே அப்படி யார் பார்வையையும் நம்பி நிற்க வேண்டியதில்லை என்பதே எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது.

ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். ஏ.ஐ.எஸ்.ஐ. 1020 ஸ்டீலில் ஒரு பிராக்கெட். என் விடை புத்தக விடையைவிட 12.41 கிராம் அதிகம். முக்கால் மணி நேரம் ஒவ்வொரு அளவாகச் சரிபார்த்தேன், ஒன்றும் சிக்கவில்லை. பிறகு கணக்கைத் திருப்பிப் போட்டேன். அந்த ஸ்டீலுக்குச் சாலிட்வொர்க்ஸ் வைத்திருக்கும் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 7900 கிலோ. 12.41 கிராமை அதால் வகுத்தால் சுமார் 1571 கன மில்லிமீட்டர் வருகிறது. அடித்தகடு 20 மில்லிமீட்டர் கனம். 1571ஐ 20ஆல் வகுத்தால் 78.5, அது 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு. ஒரு துளையை விட்டிருக்கிறேன்! டிராயிங்கைப் பார்த்தால், உள்ளே மறைந்திருப்பதைக் காட்டும் மறைவுக்கோட்டில் மெல்லிசாக அந்தத் துளை நிற்கிறது. எடையை வைத்துக்கொண்டு காணாமல் போன துளையைக் கண்டுபிடித்தது அன்றுதான். அதற்குப் பிறகு தப்பு வந்தால் பயம் வரவில்லை, எவ்வளவு தப்பு என்றுதான் முதலில் பார்ப்பேன். விடை ஏழெட்டு மடங்கு குறைந்து வந்தால் மெட்டீரியல் கொடுக்க மறந்திருப்பேன். எதுவும் கொடுக்காவிட்டால் அது தண்ணீரின் அடர்த்தியான 1000ஐ எடுத்துக்கொள்ளும். இந்தப் பழக்கம் இன்றைக்கும் காஸ்டிங் எடை பார்க்கும்போது தினமும் கைகொடுக்கிறது. இதற்காகவே இந்தத் தேர்வுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆனால் இதே எடைதான் என்னை ஏமாற்றவும் செய்தது.

ஒரு பொருளின் தோற்றங்களை ஷீட்டில் எங்கெங்கே வைப்பது என்பதற்கு இரண்டு முறை உண்டு. நாங்கள் படித்தது ஃபர்ஸ்ட் ஆங்கிள். எலிவேஷன் என்ற முன்தோற்றத்துக்குக் கீழே பிளான் என்ற மேல்தோற்றம், இடப்பக்கத்திலிருந்து பார்த்த தோற்றம் வலப்பக்கத்தில். கையும் கண்ணும் அதிலேயே ஊறிவிட்டன. நான் பயிற்சிக்கு எடுத்த மாதிரித் தாள்கள் தேர்டு ஆங்கிளில் இருந்தன. அதில் டாப் வியூ மேலே, வலப்பக்கத் தோற்றம் வலப்பக்கத்திலேயே. தெரியாத விஷயமில்லை. கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். ஆனால் அவசரத்தில் படிக்கும்போது கண் பழைய வழியில்தான் போகிறது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் ஒரு பிராக்கெட், அதில் ஒரு பக்கம் மட்டும் பாஸ் (boss) என்கிற ஒரு உருண்டை மேடு. அதை நான் எதிர்ப்பக்கத்தில் வைத்துவிட்டேன். எடை என்ன வந்தது? மிகச் சரியாக வந்தது. கண்ணாடியில் தெரியும் உருவத்துக்கும் நிஜ உருவத்துக்கும் எடை ஒன்றுதான். டிக் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டேன். அடுத்த கேள்வி எடை மையம் எங்கே என்று கேட்டது. எக்ஸ் அச்சில் 6.2 வர வேண்டிய இடத்தில் மைனஸ் 6.2 வந்தபோதுதான் விளங்கியது. அந்த ஒரு கழித்தல் குறி இல்லையென்றால் நான் கடைசிவரை சரியென்றே நினைத்திருப்பேன்.

இதில் நம் ஊர்க் குழப்பமும் உண்டு. ஐ.எஸ். 696 என்ற இந்தியத் தர விதி 1955இல் ஃபர்ஸ்ட் ஆங்கிளைச் சொன்னது, 1960 திருத்தத்தில் தேர்டு ஆங்கிளுக்கு மாறியது, 1972இல் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றது. அப்புறம் வந்த எஸ்.பி. 46 மறுபடி ஃபர்ஸ்ட் ஆங்கிளுக்கே திரும்பியது. எங்கள் பேட்டர்ன் பரணில் கிடக்கும் பழைய டிராயிங்குகளில் இரண்டும் கலந்துகிடக்கின்றன. கோயம்புத்தூரில் பம்ப் பாகம் செய்கிற பட்டறைக்கு உள்ளூர் டிராயிங் ஒரு முறையில் வரும், அமெரிக்காவிலிருந்து வருவது மற்ற முறையில் வரும். ஷீட்டின் மூலையில் கூம்புச் சின்னம் இருக்கும். வட்டங்கள் இடப்பக்கம், கூம்பு வலப்பக்கம் என்றால் தேர்டு ஆங்கிள். சில சமயம் அந்தச் சின்னமே இருக்காது.

மதிப்பெண் கணக்கைப் பாருங்கள். நான் எழுதியபோது 240இல் டிராயிங் பற்றிய கேள்விகள் மூன்று, ஒவ்வொன்றுக்கும் 5, மொத்தம் 15. இந்தத் தோற்றத்தின் பெயர் என்ன என்ற மாதிரிக் கேள்விகள்தான். பாகங்களை ஒன்றுசேர்க்கும் அசெம்பிளிக்கு மட்டும் 120. அளவு எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்ற டாலரன்ஸை எங்கே போடுவது, அளவெடுக்க எந்த முகத்தை டேட்டமாக, அதாவது அடிப்படையாக எடுப்பது என்பதெல்லாம் இதற்குள் வருவதே இல்லை. டிராயிங்குக்கென்று தனியாக ஒரு மேல்நிலைத் தேர்வு இருக்கிறது என்பது உண்மை. சி.எஸ்.டபிள்யூ.ஏ. ஆரம்பநிலைத் தேர்வு, மாடலிங் தெரியுமா என்றுதான் பார்க்கிறது. அந்த அளவில் அது நேர்மையான தேர்வு, குருட்டாம்போக்கில் பாஸ் பண்ண முடியாது. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் சான்றிதழைப் பார்க்கிற நம் ஆட்கள் அதை 'டிராயிங் தெரியும்' என்று படிக்கிறார்கள். அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது.

வேலைக்குப் பயன்பட்டதா என்றால், இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது அதனால்தான். உட்கார்ந்ததும் அந்தச் சான்றிதழை ஒரு பக்கம் வைத்துவிட்டு, வெள்ளைத்தாளும் பென்சிலும் கொடுத்து, இரண்டு தோற்றம் இருக்கிறது, மூன்றாவதை வரை என்றார்கள்.

இனி அன்று காலை நடந்ததற்கு வருகிறேன். வெளிநாட்டு டிராயிங் ஒன்றை எங்களிடம் புதிதாகச் சேர்ந்த தம்பி மாடல் செய்தான். அவனும் இதே சான்றிதழ் வைத்திருப்பவன், வேகமான பையன். டிராயிங்கில் எடை 3.42 கிலோ, மாடலிலும் 3.42. "அண்ணா, வெயிட் மேட்ச் ஆயிடுச்சு" என்று சந்தோஷமாகக் கொண்டுவந்தான். நானும் எடையைப் பார்த்துவிட்டுத்தான் 'செக்டு' கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். மரப் பேட்டர்ன் முடிந்து வந்தது. பேட்டர்ன் மேஸ்திரி அதையும் டிராயிங்கையும் அருகருகே வைத்து, ஒன்றும் பேசாமல் விரலால் காட்டினார். போல்ட் காது எதிர்ப்பக்கத்தில் நின்றது. நல்ல தேக்கு. மூன்று நாள் வேலை. அந்தத் தம்பியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவனைத் திட்ட எனக்கு எந்த உரிமையும் இல்லை, நான்கு வருடம் முன்னால் மைனஸ் 6.2 பார்த்தவன் நான்.

ஆக, டர்னர் அண்ணனுக்கு என் பதில்: இப்போது வேண்டாம். தேர்வு நல்லது, எனக்கு நிறையச் செய்திருக்கிறது, கல்லூரி வழியாகக் கட்டணமில்லாமல் எழுத வாய்ப்பு வந்தால் இன்னும் நல்லது. இருந்தாலும் இந்த மாதம் வேண்டாம். வேறு ஒரு வாரத்தில் கேட்டிருந்தால் உடனே எழுதச் சொல்லுங்கள் என்றிருப்பேனோ என்னவோ. இன்றைக்கு மனசு அப்படிச் சொல்லவில்லை. அந்தப் பொண்ணு முதலில் ஒரு டிராயிங்கைக் கையில் எடுத்து, கம்ப்யூட்டர் பக்கமே போகாமல், பொருளை வெட்டிப் பார்க்கட்டும். எந்தக் காது எந்தப் பக்கம் என்று விரல் சொல்லட்டும். அதற்கப்புறம் ஆறு வாரம் போதும்.

நேற்று சாயந்தரம் லேத் பக்கம் போய் அவரிடம் சொன்னேன். "ஞாயித்துக்கிழமை பாப்பாவைக் கூட்டிட்டு வாங்ணா. வரும்போது துணி சோப்பு ரெண்டு பாரும் ஒரு பழைய பிளேடும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க."