பூட்டியும் அசையும் சில்லுகள்

தம்பலகாமத்தில் மரவேலை செய்யும் நண்பர் ஒருவர் அண்மையில் பலகை சீவும் பழைய பிளேனர் இயந்திரமொன்றை வாங்கியிருக்கிறார். மரம் அறுக்கும் பட்டிவாள் இயந்திரமான என் பாண்ட்சோவின் அடியில் உள்ள சில்லுச் சட்டத்தைப் பார்த்தவர், "அண்ணை, உங்கட மாதிரியே ஒண்டு அடிக்கப் போறன், அளவு தாங்கோ" என்றார். அளவுகளைக் கொடுப்பதில் எனக்குத் தடையேதுமில்லை. ஆனால் வெல்டிங் கடைக்குப் போவதற்கு முன் அவர் இதை வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

உப்புவெளியில் எங்கள் வீட்டின் வாகனக் கொட்டகைதான் எனக்குப் பட்டறை. மாலையில் வாகனம் உள்ளே வரவேண்டுமானால், வார்ப்பிரும்பு மேசையோடு ஏறத்தாழ 100 கிலோ நிறையுள்ள 14 அங்குல பாண்ட்சோ சுவரோரம் ஒதுங்கியாக வேண்டும். பாரத்தின் பெரும்பகுதி மேலே இருக்கும் இயந்திரம் அது. நான்கு சில்லுகளின் மேல் பலகையொன்றை வைத்து அதன்மேல் ஏற்றிவிட்டால், இன்னும் உயர்ந்து, சிறு கல்லில் தடுக்கினாலே சரிந்துவிடும். ஆகையால் 40 மில்லிமீற்றர் அகலமும் 5 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்ட எங்கிள் இரும்பில் சட்டம் அடித்து, இயந்திரத்தின் அடிப்பாகம் அதற்குள் அமிழ்ந்து உட்காரும்படி செய்தேன். சட்டத்தின் நான்கு மூலைகளுக்கும் வெளியே நிமிர்த்தி ஒட்டிய துண்டுகளின் உச்சியில் தகடுகள். அந்தத் தகடுகளுக்குக் கீழே சில்லுகள். சில்லு எவ்வளவு பெரிதானாலும் இயந்திரம் தரையிலிருந்து ஒரு விரலளவே உயர்ந்திருக்கிறது. இந்த அமைப்பில் இன்றுவரை எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பின்னால் திரும்பாத சில்லு இரண்டு, முன்னால் திரும்பும் சில்லு இரண்டு என்பதும் சரியான முடிவுதான். நான்கும் திரும்பினால் வண்டியை நேர்கோட்டில் தள்ளிச் செல்வது கடினம்.

பாரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மொத்த நிறையை நான்கால் வகுக்கக் கூடாது. மழைநீர் வடிவதற்காகச் சரிவாகப் பூசிய சீமெந்துத் தரையில், பல நேரங்களில் மூன்று சில்லுகள்தான் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். மூன்றால் வகுத்து வரும் எண்ணுக்கு மேலும் நிறைய இடம் விட்டு வாங்க வேண்டும்.

இனி என் பொறுமையைச் சோதித்த விடயம். முன் சில்லுகள் மிதித்துப் பூட்டும் வகையைச் சேர்ந்தவை. "பூட்டினால் அசையாது" என்று சொல்லித்தான் கடையில் விற்றார்கள். சில்லு உருளாது என்ற அளவில் அது பொய்யில்லை. ஆனால் திரும்பும் சில்லின் அச்சு, அது திரும்பும் மையத்துக்கு நேர்கீழே இருப்பதில்லை. சில சென்ரிமீற்றர் தள்ளியே இருக்கும். தள்ளும் திசையை நோக்கிச் சில்லு தானாகவே திரும்புவதற்கு அந்த இடைவெளிதான் காரணம். அந்த மிதி உருளுவதை மட்டும் நிறுத்திவிட்டுத் திரும்புவதைச் சும்மா விட்டுவிடுகிறது. விளைவாக, தடித்த முதிரைக் கட்டையை வாளுக்குள் தள்ளும் ஒவ்வொரு முறையும் சட்டத்தின் முன்பக்கம் வில்லாக நகர, வாள் கோட்டை விட்டு விலகுகிறது. தேருக்கு முட்டுக்கட்டை கொடுப்பதுபோல மரத்துண்டுகளைச் செருகியும் பார்த்தேன்; அதிர்வில் அவை கழன்று போயின. உருளலையும் திரும்பலையும் ஒன்றாகப் பூட்டும் சில்லுகள் இருக்கின்றன, விலை கூடியவை. அந்த வேறுபாட்டை ஒரு வசனத்தில் சொல்லியிருக்கலாம் என்ற கோபம் எனக்கு இன்னமும் ஆறவில்லை.

கடந்த வாரம் என் முன் சில்லுகளில் ஒன்றை மாற்ற வேண்டி வந்தது. சில்லைச் சுற்றியிருந்த, இறப்பர் போன்ற பொலியூரித்தேன் மேற்பூச்சு வெடித்து, உரிந்து, கட்டிகட்டியாகக் கொட்டியது. அந்தப் பொருளில் ஒரு வகை, சூடும் ஈரமும் சேர்ந்த காற்றில் நீரை உறிஞ்சி மெல்லச் சிதைந்துபோகும். கடலோரத்தில் வடகீழ்ப் பருவமழைக் காலம் முழுவதும் கொட்டகையில் நின்றால் அதற்கு வேறென்ன கதி? கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணல் வேறு சில்லு திரும்ப உதவும் இரும்புக் குண்டுகளுக்குள் ஏறுகிறது, உப்புக்காற்று கறளைக் கொடுக்கிறது, கிறீஸ் பூசினாலோ அந்த மணலைக் கிறீஸே பிடித்து வைத்துக்கொள்கிறது. இப்போது நைலோன் சில்லு போட்டிருக்கிறேன். சீமெந்தில் பெருஞ்சத்தம் போடுகிறது. உரியாது என்பதற்காகப் பொறுத்துக்கொள்ளலாம்.

எதிர்பாராத நன்மை ஒன்றும் உண்டு. ஆட்டத்தை நிறுத்துவதற்காக முன் மூலைகளில் 12 மில்லிமீற்றர் நட்டுகளை ஒட்டி, அவற்றினூடாக இறப்பர் பாதம் வைத்த திருகுகளை இறக்கினேன். ஒரு முழுச் சுற்றுக்கு 1.75 மில்லிமீற்றர், சில சுற்றுகளில் முன் சில்லுகள் தரையை விட்டு எழும்பிவிடும். ஆட்டம் நின்றது மட்டுமல்ல, இரண்டு திருகுகளையும் வேறு வேறு அளவுக்கு இறக்கினால், சரிந்த தரையிலும் மேசையை நீர்மட்டத்துக்கு ஒப்ப நிறுத்த முடிகிறது. சில்லு வைப்பதற்கு முன்பு கூட இந்த இயந்திரம் இவ்வளவு நேராக நின்றதில்லை. விலையோ அந்த மிதிச் சில்லொன்றின் விலையிலும் குறைவு. ஆனால் ஒவ்வொரு முறையும் குனிந்து ஸ்பானர் பிடிக்க வேண்டும், அதுவும் நாளுக்கு இருமுறை, இந்த முதுகோடு.

பிளேனர் தன் உருளைகளாலேயே பலகையை இழுத்துக்கொள்ளும் இயந்திரம். நாம் பக்கவாட்டில் அழுத்துவது குறைவு. நண்பருக்கு என்னளவு தொல்லை இராது என்பதை நியாயத்துக்காக ஒப்புக்கொள்கிறேன். இந்தச் சட்டத்தைக் கழற்றும் எண்ணமும் எனக்கில்லை. இருந்தும், பட்டறையில் இயந்திரத்தை ஓரிடத்தில் நிரந்தரமாக நிறுத்த நாலடி இடம் இருக்கிறதென்றால், சில்லே வேண்டாம் என்றுதான் இன்றைக்குச் சொல்வேன். இடமில்லையென்றால் அளவுகளை வாங்கிக்கொண்டு போகட்டும். திருகுப் பாதத்தோடு அடிக்கட்டும். மிதிச் சில்லு பூட்டிவிட்டு ஆடுகிறது என்று என்னிடம் வரக்கூடாது.