டிஎம்டியா, சிடி ஆஞ்சியோவா?

மாடிப்படி ஏறும்போது நெஞ்சை அடைக்கிறது, நின்றால் சில நிமிடங்களில் விட்டுவிடுகிறது என்றால் "வாயுவாக இருக்கும்" என்று சோடா குடித்துவிட்டு விடாதீர்கள். படுக்க வைத்து எடுத்த ஈசிஜி நார்மல் என்பதும் பெரிய ஆறுதல் இல்லை, ஏனென்றால் ஓய்வில் போதுமான அளவு ஓடும் ரத்தம் இதயம் வேகமெடுக்கும்போது மட்டும் பற்றாமல் போகலாம். அதைப் பார்க்க இரண்டு பரிசோதனைகள்: டிரெட்மில்லில் நடக்க வைத்து ஈசிஜி எடுக்கும் டிஎம்டி, இதயத்தின் ரத்தக் குழாய்களைப் படம் பிடிக்கும் சிடி ஆஞ்சியோ. எது முதலில் என்பதுதான் கேள்வி. (ஓய்விலேயே வலி, வியர்வை, அல்லது பதினைந்து நிமிடமாகியும் வலி விடவில்லை என்றால் இந்த ஒப்பீடே வேண்டாம், உடனே 108.)

டிஎம்டி மலிவு, கதிர்வீச்சு இல்லை. வழக்கமாகப் பின்பற்றும் புரூஸ் முறையில் மணிக்கு 2.7 கி.மீ., 10 சதவீத ஏற்றத்தில் தொடங்கி, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். 220இல் வயதைக் கழித்து, அதில் 85 சதவீதத்தை நாடித்துடிப்பு தொட வேண்டும். 60 வயதுக்காரருக்கு 136. ஈசிஜி கோட்டில் எஸ்டி என்ற பகுதி 1 மி.மீ. அல்லது அதற்கு மேல் கிடையாக இறங்கினால் பாசிட்டிவ். ஆனால் முழங்கால் வலியால் பாதியில் இறங்கிவிட்டால், அல்லது துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை போட்டுக்கொண்டு வந்து துடிப்பே ஏறாவிட்டால், நெகட்டிவ் என்று வந்தாலும் அதை நம்ப முடியாது. பெண்களுக்குப் பொய் பாசிட்டிவ் அதிகம். ஒரு தொந்தரவும் இல்லாதவருக்கு ஹெல்த் செக்கப் பேக்கேஜில் இதைச் சேர்ப்பது எனக்குப் பிடிக்காத விஷயம்.

சிடி ஆஞ்சியோ குழாயையே பார்க்கிறது. துடிப்பை 60 பக்கம் இறக்க மாத்திரை, குழாயை விரிக்க நாக்குக்கடியில் நைட்ரேட், அப்புறம் குழாய் படத்தில் தெரிவதற்கான அயோடின் மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் குப்பென்று சூடு. சிறுநீரகம் எப்படி என்று காட்டும் கிரியாட்டினின் பார்க்காமல் போகாதீர்கள். குழாய் சுத்தம் என்று வந்தால் பெரிய அடைப்பு இல்லை என்று பெரும்பாலும் நம்பலாம். டிஎம்டியில் தெரியவே தெரியாத சிறு கொழுப்புப் படிவும் இதில் தெரியும். ஸ்காட்லாந்தில் 4,146 பேரிடம் நடந்த ஸ்காட்-ஹார்ட் ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு சிடியும் எடுத்தவர்களில் ஐந்தாண்டுகளில் இதயநோய் மரணமோ மாரடைப்போ 2.3 சதவீதம், எடுக்காதவர்களில் 3.9. படம் யாரையும் காப்பாற்றவில்லை. படிவைப் பார்த்துத் தொடங்கிய, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டினுக்கும் ஆஸ்பிரினுக்கும்தான் அதில் பங்கு என்று நினைக்கிறேன். அமெரிக்காவின் ப்ராமிஸ் ஆய்வில் சுமார் 10,000 பேரிடம் இரண்டு ஆண்டுகள் பார்த்தும் முதலில் சிடி எடுத்தவர்களுக்கும் டிஎம்டி போன்ற ஸ்ட்ரெஸ் சோதனை செய்தவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சிடியின் பலவீனம் சுண்ணாம்புப் படிவு. அது படத்தில் ஊதித் தெரிவதால் அடைப்பு பெரிதாகத் தோன்றும். இன்னொன்று, 60 சதவீத அடைப்பு என்று ரிப்போர்ட் சொன்னாலும் அதனால் ரத்தம் குறைகிறதா என்பது தனிக் கேள்வி. அதற்கு இதயத்தை வேகமெடுக்க வைத்து அல்ட்ராசவுண்டில் பார்க்கும் ஸ்ட்ரெஸ் எக்கோ, இதயத் தசைக்கு ரத்தம் போவதைப் பார்க்கும் பெர்ஃபியூஷன் ஸ்கேன், அல்லது குழாய் செருகிச் செய்யும் வழக்கமான ஆஞ்சியோவின்போது அடைப்பைத் தாண்டி எவ்வளவு அழுத்தம் மிஞ்சுகிறது என்று கம்பி விட்டு அளக்கும் எஃப்எஃப்ஆர் வேண்டும், அந்த எஃப்எஃப்ஆர் 0.80 அல்லது குறைவாக இருந்தால்தான் அடைப்புக்கு அர்த்தம். ஸ்டென்ட் வைக்கலாம் என்று சொல்லும் டாக்டரிடம் இந்த எண்ணைக் கேட்பதில் தப்பே இல்லை.

என்னைக் கேட்டால், இதுவரை இதயநோய் என்று கண்டறியப்படாத, சிறுநீரகம் நன்றாக இருக்கிற ஒருவருக்கு இப்படி நெஞ்சை அடைத்தால் முதலில் சிடி. அடைப்பு ஏற்கனவே தெரிந்தவருக்கு, ஸ்டென்ட் வைத்தவருக்கு, ஸ்ட்ரெஸ் எக்கோ போன்றவை. சிடியில் சிக்காமல் நழுவுவது இதயத்தின் மிகச் சிறிய ரத்தக் குழாய்களில் வரும் நுண்குழாய்க் கோளாறு: பெரிய குழாய்கள் சுத்தமாக இருக்கும், வலியும் நிஜமாக இருக்கும். இது பெண்களிடம் அதிகம். சிடி நார்மல் என்று சொல்லி "மனசுதான் காரணம்" என்று அனுப்பிவைத்தால், அங்கேயே இதைக் கேளுங்கள்.