தியானத்தை விடாமல் தொடர: புதிதாகத் தொடங்குவோருக்கான நீண்ட நாள் அனுபவக் குறிப்பு

முதல் வாரமே அரை மணி நேரம் உட்காரப் பார்ப்பதால்தான் பலர் தியானத்தைப் பாதியில் விடுகிறார்கள். தொடக்கத்தில் 5 நிமிடம் தாராளம். மனம் நன்றாக அடங்கிய நாளிலும் மணி அடித்ததும் எழுந்துவிட வேண்டும். ஆசையில் நீட்டினால், மறுநாள் அதே நீளம் சுமையாகத் தோன்றும்.

‘காலையில் செய்வேன்’ என்ற முடிவு நிலைப்பதில்லை. ‘பல் துலக்கியதும் உட்காருவேன்’ என்பது நிலைக்கும். ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு வேலையோடு முடிச்சுப் போட்டால், தினமும் யோசித்து முடிவெடுக்கும் தொல்லை இல்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வு, உணவு, உடற்பயிற்சி போன்ற புதிய பழக்கங்கள் தானாக நடக்கும் நிலையை எட்ட எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தது. நடுமதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை வேறுபட்டது. ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் பெரிதாகக் கெடவில்லை என்பதும் அதில் தெரிந்தது. ஆகவே விட்ட நாளுக்கு ஈடாக மறுநாள் இரட்டிப்பாக உட்கார வேண்டியதில்லை.

உட்காரும்போது இடுப்பு முழங்காலைவிட உயரமாக இருக்க வேண்டும். கெட்டியான போர்வையை 10 முதல் 15 செ.மீ. உயரத்துக்கு மடித்து, அதன் முன்விளிம்பில் உட்கார்ந்தால் முதுகு தானே நிமிரும். முழங்கால் அந்தரத்தில் நின்றால் அடியில் துண்டு வையுங்கள். நாற்காலியும் நல்லதே, பாதம் முழுதும் தரையில் பதியட்டும். கால் மரத்துப்போவது பெரும்பாலும் நரம்பு அழுந்துவதால்; உணர்வு திரும்பும்வரை எழுந்து நடக்காதீர்கள். முழங்காலுக்குள் சுரீரென்று வலித்தால் பொறுக்கவே கூடாது, உடனே காலை நீட்டிவிட வேண்டும்.

மூச்சை வெளியே விடும்போது ஒன்று, அடுத்த வெளிமூச்சுக்கு இரண்டு. இப்படி 10 வரை எண்ணி மீண்டும் ஒன்றுக்கு வாருங்கள். 17, 18 என்று போய்க்கொண்டிருப்பது தெரிந்தால் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். அப்படிக் கவனித்துத் திரும்புவதே பயிற்சி. எண்ணிக்கை தப்பியதைத் தோல்வியாக எடுத்துக்கொள்பவர்கள்தான் சலித்துப்போகிறார்கள். இங்கே ஒரு சிக்கல் உண்டு: கவனிக்கத் தொடங்கியதுமே மூச்சை அறியாமல் இழுத்து ஆழமாக்கிவிடுவோம். அதிகமாக மூச்சு விட்டால் இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து தலை கிறுகிறுக்கும், விரல் நுனி கூசும். அப்போது எண்ணுவதை நிறுத்தி, மடியில் கைகள் படும் உணர்வைச் சிறிது நேரம் கவனித்தால் மூச்சு தன் போக்குக்கு வந்துவிடும்.

சில வாரங்கள் போனதும் ‘முன்பைவிட எண்ணங்கள் கூடிவிட்டன’ என்று தோன்றும். பெரும்பாலும் அவை கூடியிருக்காது. எப்போதும் ஓடிக்கொண்டிருந்தவை இப்போதுதான் கண்ணில் படுகின்றன. தொடக்க நாள்களின் புதுமையும் அப்போது வடிந்திருக்கும். நிறையப் பேர் கழன்றுகொள்ளும் இடம் இதுதான். இங்கே முறையை மாற்றாதீர்கள், நேரத்தையும் கூட்டாதீர்கள்.

தூக்கம் வந்தால் கண்ணைப் பாதி திறந்து, ஒரு மீட்டர் தொலைவில் தரையைப் பாருங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டபின் 2 மணி நேரம் விடுங்கள். அப்படியும் தினமும் சொக்கினால், உடலுக்குத் தேவைப்படுவது இரவில் இன்னும் கொஞ்சம் தூக்கம்.

ஆப்பில் வரும் குரல் வழிகாட்டல் முதல் சில வாரங்களுக்கு நன்றாக உதவும். பிறகு வாரத்தில் 2 நாள் டைமர் மட்டும் வைத்துப் பழகுவது நல்லது. இல்லாவிட்டால் அந்தக் குரல் இல்லாமல் உட்காரவே வராது. தொடர் நாள் கணக்கு காட்டும் வசதியை அணைத்துவிடலாம், அது ஒரு முறை பூஜ்யமானதும் மொத்தமாக விட்டவர்கள் அதிகம்.

2 மாதம் நிலைத்தபின், 2 வாரத்துக்கு ஒரு முறை 2 நிமிடம் கூட்டுங்கள். மன அழுத்தத்தைக் குறைக்க அமெரிக்கப் பேராசிரியர் ஜான் கபாட்-ஜின் 1979-இல் தொடங்கிய தியானப் பயிற்சி இன்று 8 வாரம் நடக்கிறது; அதில் தினம் 45 நிமிடம்வரை வீட்டுப்பயிற்சி உண்டு. ஆனால் அங்கே ஆசிரியரும் குழுவும் துணைக்கு இருக்கிறார்கள். தனியாகப் பழகுவோருக்கு 20 நிமிடம் நல்ல அளவு.

கண்ணை மூடியதும் படபடப்போ பழைய கொடிய நினைவுகளோ பொங்கினால் வைராக்கியமாகத் தொடராதீர்கள். கண்ணைத் திறந்து பாதம் தரையில் பதிவதைக் கவனியுங்கள். மீண்டும் மீண்டும் அப்படி நேர்ந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள்.